வேறு லேத்தின் டெயில் ஸ்டாக்கைப் பொருத்தும் விதம்

மரக்கடைசல் லேத்தில் ஹெட் ஸ்டாக் மரத்தைச் சுழற்றுகின்றது. எதிர்ப்புறத்தில் அதைத் தாங்கி நிற்பது டெயில் ஸ்டாக். அது பழுதுற்றால் யந்திரத்தையே தள்ளிவிட வேண்டுவதில்லை. வேறொரு லேத்தினுடையதை அமர்த்திக்கொள்ளலாம். சங்கத்தின் பணமும் மிஞ்சும்.

முதலில் அடிச்சட்டத்தின் மேல்முகத்திலிருந்து இரு முனைகளின் உயரத்தையும் அளக்கவேண்டும். டெயில் ஸ்டாக் 1 அங்குலம் தாழ்ந்திருப்பின், அவ்வளவு கனமுள்ள உலர்ந்த தேக்குக் கட்டையை அடியில் வைக்கலாம். பச்சை மரம் உதவாது, சுருங்கிவிடும். உயர்ந்திருப்பின் அதன் அடியை அராவுதல் தகாது. ஹெட் ஸ்டாக்கை உயர்த்துவதே மேல். அப்போது வார்ப்பட்டையின் நீளத்தையும் உளிதாங்கியின் உயரத்தையும் மறுபடி சரிசெய்தல் அவசியம்.

கட்டையின் கீழ் ஒரு நாக்கு விட்டு, அது சட்டத்தின் இடைவெளியில் ஆட்டமின்றி நகரும்படி செய்யவேண்டும். இறுக்கும் போல்ட்டும் கட்டையின் கனத்திற்கேற்ப நீளவேண்டும். இதில் சிக்கனம் கூடாது. பிடி நழுவினால் சுழலும் மரம் தொழிலாளியின் முகத்தில் பாயும்.

பின்பு இரு முனைகளையும் நுனியோடு நுனி சேர்த்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நோக்குக. முளையை உள்ளிழுத்து ஒருதரமும், வெளியே நீட்டி ஒருதரமும் நோக்குதல் நலம். நீட்டியபோது மட்டும் விலகினால் டெயில் ஸ்டாக் கோணலாக அமர்ந்துள்ளது என்பது பொருள். இரு முனைகளுக்கிடையே கட்டில் கால் கடைவதற்குச் சிறு பிசகு பெரிதல்ல. துளையிடுவதற்கோ அப்பிசகு ஆகவே ஆகாது, துளை அகன்றுவிடும்.

மார்ஸ் கூம்பின் எண்ணையும் கவனிக்க: 1ஆம் எண்ணின் அகன்ற வாய் 0.475 அங்குலம், 2ஆம் எண்ணினது 0.7 அங்குலம். சிறிய முனையைப் பெரிய துளையில் இட, நடுவே கூம்புக் குழல் தேவை. துணி சுற்றிச் செருகலாகாது.