முதல் நிலை மந்திரவாதிக்கு ஆறு மந்திரங்கள்

இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் ஒரே ஒரு முறைதான் எறிய முடியும். அர்ச்சுனனுக்கென்று பத்திரமாக வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவப் படையைத் துவம்சம் செய்தபோது, சுற்றியிருந்தவர்கள் போட்ட கூச்சலில் வேறு வழியின்றி அவன்மேல் எறிந்தான். அர்ச்சுனன் தப்பினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளுக்கு, எங்கள் ஆட்டத்தில் வரும் 'ஸ்பெல் ஸ்லாட்' என்றால் என்னவென்று புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும், கன்னடப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் ஈரோட்டுக்காரி. வேலை மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில். மைசூரிலிருந்து வரும் அண்ணன் மகன், பக்கத்து வீட்டுப் பெண், அவள் வகுப்புத் தோழர்கள் என்று ஒரு கும்பல் சேரும். ஆடுவது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்ட ஆட்டம் இது. திரை கிடையாது, பலகையும் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்வார். அவருக்கு டன்ஜியன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவுக்குப் பின்னால் ஒளிகிறேன்" என்பார்கள். முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கம்ப்யூட்டரில் ரோல் பிளேயிங் கேம் என்று வருபவற்றில் பலவும் இதன் பேரப்பிள்ளைகள்தான். 2023-ல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட பால்டர்ஸ் கேட் 3 நேரடியாக இதன் விதிகளையே எடுத்துக்கொண்டது.

மைசூர்க்காரர்களிடம் இதைப் புதுமை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் சதுரங்கப் புதிர்களிலும் கஞ்சிபா சீட்டிலும் ஊறிப்போனவர். அவர் காலத்தில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்வநிதியில் ஆட்டங்களுக்கென்றே கௌதுகநிதி என்று ஒரு பகுதி உண்டு. தசாவதாரக் கஞ்சிபாவில் 120 சீட்டுகள். பகலில் ராமர் சீட்டு முதலில் இறங்கும், இரவில் கிருஷ்ணர் சீட்டு. விளக்கேற்றும் நேரத்தைக்கூட விதிக்குள் கொண்டுவந்தவர்களின் ஊர் இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வரும் எந்தப் பிள்ளையும் தடுமாறுவது ஆட்டத்தில் அல்ல, ஆட்டம் தொடங்கும் முன் நிரப்ப வேண்டிய தாளில். என்னென்ன திறன்கள், என்னென்ன மந்திரங்கள்? பட்டியல் நீளம். எல்லாமே ஆசையைத் தூண்டும் பெயர்கள்.

திறன்கள் மொத்தம் 18. ஒரு முதல் நிலைப் பாத்திரம், அதாவது இப்போதுதான் தொடங்கும் பாத்திரம், பெரும்பாலும் அதில் நாலைந்தில்தான் பயிற்சி பெற்றிருக்க முடியும். பிள்ளைகள் பெயரைப் பார்த்து எடுப்பார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: ஒரு மதியத்தில் இதற்காக எத்தனை தடவை பகடை உருட்டுவாய்? அந்தக் கணக்கில் பெர்செப்ஷன்தான் முதலிடம். சுற்றி நடப்பதைக் கவனிக்கும் திறன் அது. பதுங்கியிருப்பவனைப் பார்ப்பது, சுவருக்கப்பால் காலடி கேட்பது, வாடை பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க 15 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானத்துக்கு 2 கூடும், பயிற்சி இல்லை என்றால் பகடையில் 13-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும். 40 சதவீத வாய்ப்பு. பயிற்சி இருந்தால் இன்னொரு 2 சேர்ந்து 50 சதவீதமாகும். கூட ஒரு கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி, 'கைடன்ஸ்' என்ற சின்ன மந்திரத்தைப் போட்டால் நாலு முகப் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், வாய்ப்பு 62.5 சதவீதம். இந்தக் கைடன்ஸுக்குச் செலவே கிடையாது, நாள் முழுக்கப் போடலாம். இதை விட்டுவிட்டுப் போகிற கிளெரிக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பெர்செப்ஷனுக்கு அடுத்து எது? கதை சொல்பவரைக் கேளுங்கள். இது ஏமாற்று இல்லை, மரியாதை. அரண்மனைச் சூழ்ச்சிக் கதைக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? என் கதைகள் கபினிக் கரையில் நடப்பவை. 1735-ல் கட்டிய பழைய பாலம், குண்டலுபேட்டை தாண்டினால் பந்திப்பூர்க் காடு, மழைக்காலத்தில் படித்துறையை மூடும் வெள்ளம். இங்கே நீந்த, ஏற, தாண்ட உதவும் அத்லெடிக்ஸும் விலங்குகளைப் பழக்கும் திறனும் தங்கம். இன்னொன்று: கூட ஆடுபவர்கள் எதை எடுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். நாலு பேரும் பதுங்குவதில் கில்லாடிகளாக இருந்து, காவல்காரனிடம் நாலு வார்த்தை நயமாகப் பேச ஆளில்லாத கூட்டம் முதல் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும்.

மந்திரங்களில்தான் மனசு அலைபாயும். முதல் நிலை விஸார்ட், அதாவது மந்திரவாதி, தன் ஏட்டில் ஆறு மந்திரங்கள் எழுதிக்கொள்ளலாம். அண்ணன் மகன் தாளை எடுத்ததும் எரிப்பது, சுடுவது, வெடிப்பது என்று மளமளவென எழுத ஆரம்பித்தான். அவனிடம் சொன்னது இதுதான். ஒரு நாளைக்கு உனக்கு ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டு. அந்த ஆறில் எதைப் போட்டாலும் பொதுவாக ஒரு ஸ்லாட் போய்விடும். இரவு தூங்கி எழுந்தால்தான் முழுதாகத் திரும்ப வரும். போட்ட மந்திரம் மனதை விட்டே போய்விடும் என்ற யோசனை, ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து இந்த ஆட்டத்துக்குள் வந்தது. ஆனால் 'கான்ட்ரிப்' எனப்படும் சில்லறை மந்திரங்களுக்கு ஸ்லாட் வேண்டாம். அதில் 'ஃபயர் போல்ட்' ஒன்றை வைத்துக்கொண்டால் எரிக்கும் ஆசைக்கு அதுவே போதும். கர்ணனுக்கும் மற்ற அம்புகள் இருந்தன அல்லவா?

அப்படியானால் ஆறில் என்ன எழுதுவது? புத்தி 16 உள்ள முதல் நிலை விஸார்ட் ஒரு நாளைக்கு நாலு மந்திரங்களைத்தான் தயாராக வைத்திருக்க முடியும். ஆனால் சடங்காகச் செய்யக்கூடிய மந்திரங்களை ஏட்டைப் பார்த்தே செய்யலாம். பத்து நிமிடம் கூடுதலாகும், ஸ்லாட் போகாது. ஆக, சடங்கு மந்திரம் இரண்டு, மற்றவை நாலு. சடங்கில் முதலாவது 'ஃபைண்ட் ஃபமிலியர்'. பத்துப் பொற்காசுக்குச் சாம்பிராணி, மூலிகை வாங்கி எரித்தால் ஆந்தையோ பூனையோ வடிவில் ஓர் ஆவி வந்து துணையாக நிற்கும். ஜன்னல் வழியாக உளவு பார்க்கும். செத்தால் இன்னொரு பத்துக் காசு. இரண்டாவது, மந்திரம் எங்கிருக்கிறது என்று காட்டும் 'டிடெக்ட் மேஜிக்'.

நாலில் முதலில் 'ஸ்லீப்'. நாங்கள் ஆடும் 2014 விதிப்படி எட்டு முகப் பகடையை ஐந்து முறை உருட்டிக் கூட்ட வேண்டும். சராசரி 22 அல்லது 23 வரும். எதிரிகளில் உயிர்ப்புள்ளி குறைந்தவனில் தொடங்கி அத்தனை புள்ளிகளுக்கு ஆட்கள் சாய்வார்கள். ஒரு காப்ளினுக்கு, அதாவது குட்டிப் பூதத்துக்கு, 7 புள்ளி. மூன்று காப்ளின்கள் ஒரே வீச்சில் தூங்கும். அதே நேரத்தில் ஃபயர் போல்ட் போட்டிருந்தால் ஒன்றைத் தொடுவதற்கே பாதிக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு.

கபினி பெருகினால் முங்கிப்போகும் பதினாறு கால் மண்டபத்தில் ஒரு முறை ஒரு காட்சியை வைத்திருந்தேன். தூண்களுக்கிடையே மூன்று காப்ளின்கள். அண்ணன் மகன் பகடையை உருட்டினான், கூட்டினால் 24. மூன்றும் சுருண்டன. "அத்தை, இப்ப எரிச்சுடட்டுமா?" என்றான். பக்கத்து வீட்டுப் பெண் "பேடா, பேடா!" (வேண்டாம், வேண்டாம்) என்று கத்தி அவன் கையைப் பிடித்தாள். அவளுடைய பாத்திரம் ஒரு கள்ளி. மூன்றையும் கயிற்றால் கட்டி, ஒன்றை மட்டும் உலுக்கி எழுப்பி விசாரித்தாள். மேலே அணையின் மதகைத் திறக்க ஒரு கூட்டம் போயிருக்கிறது என்று அது உளறியது. அதன்பின் அன்றைய கதை முழுக்க அணையை நோக்கித்தான் ஓடியது. 'பர்னிங் ஹேண்ட்ஸ்' போட்டிருந்தாலும் மூன்றும் செத்திருக்கலாம். சாம்பலிடம் யார் விசாரிப்பது?

ஆனால் ஸ்லீப்புக்கு ஆயுள் குறைவு. ஐந்தாம் நிலையில் எதிரிக்கு 60, 70 புள்ளிகள் வந்துவிடும். 22 எந்த மூலைக்கு? அப்போது கழற்றிவிடுங்கள். 2024-ல் வந்த புதிய விதிகளில் இந்த மந்திரம் புள்ளிக்கணக்கையே விட்டுவிட்டது.

அடுத்தவை 'ஷீல்ட்', 'மேஜிக் மிஸைல்' இரண்டும். முதலாவது அடி விழும் நேரத்தில் போட்டுத் தப்பிக்க, இரண்டாவது குறி தவறவே தவறாது. நாலாவதாக நான் சொல்வது 'ஃபெதர் ஃபால்'. பலர் சிரிப்பார்கள். நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் ஏறக்குறைய 120 அடி உயரம். அந்த உயரமுள்ள ஒரு கோட்டையிலிருந்து விழுந்தால், பத்தடிக்கு ஓர் ஆறு முகப் பகடை வீதம் பன்னிரண்டு பகடை. சராசரியாக 42 புள்ளி போகும். முதல் நிலை விஸார்டிடம் இருப்பதே சுமார் எட்டு. இந்த மந்திரம் இருந்தால் ஐந்து பேர் வரை இறகு போல இறங்கலாம், ஒரு கீறல் விழாது. பயன்படும் நாள் அரிது, பயன்படும் நாளில் இதற்கு மாற்று இல்லை.

இரண்டாம் நிலையில் 'காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ்' எடுக்கலாம். பிறர் பேசுவது புரியும், பதில் பேச வராது. ஈரோட்டிலிருந்து வந்த புதிதில் நஞ்சன்கூடு சந்தையில் நான் நின்ற நிலையேதான்.

'கான்சன்ட்ரேஷன்' என்று குறித்திருக்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைத்திருக்க முடியும். அடிபட்டால் நழுவவும் கூடும். ஆகவே அந்த ஓர் இடத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். 'விட்ச் போல்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஓர் எதிரியை மட்டும் மின்னலால் பொசுக்கும். அவன் 30 அடிக்கு அப்பால் போனால் அதுவும் அறுந்துவிடும். கிளெரிக்கின் 'ப்ளெஸ்' மூன்று பேருக்கு ஒவ்வொரு வீச்சிலும் நாலு முகப் பகடை ஒன்றைக் கூட்டித் தரும். பேரில் பளபளப்பு இல்லை என்பதால் பிள்ளைகள் தொடுவதில்லை.

கிளெரிக்காக வரவே ஆள் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் திரும்பியதால் அவர் நஞ்சன்கூடு ஈசுவரனை ஹக்கீம் நஞ்சுண்டா என்று அழைத்தார் என்பது ஊர் வழக்கு. பல்பொடியால் தென்னிந்தியா முழுக்கப் பெயர் வாங்கியதும் இந்த ஊர்தான். அப்படிப்பட்ட வைத்தியர் ஊரில் பிள்ளைகள் எல்லோருக்கும் வாள் வேண்டும், வைத்தியம் வேண்டாம். வைத்தியம் என்றால் பின்னால் நின்று கட்டுப்போடுவது என்று நினைக்கிறார்கள். 'ஹீலிங் வேர்ட்' 60 அடி தூரத்திலிருந்தே ஒரு சொல்லால் விழுந்தவனை எழுப்பும்; அதே சுற்றில் தடியாலும் ஒரு போடு போடலாம். தொட்டுக் குணப்படுத்தும் 'க்யூர் வூண்ட்ஸ்' அதிகப் புள்ளி தரும்தான். ஆனால் ஓடிப்போய்த் தொடுவதற்குள் விழுந்தவன் கதை முடிந்திருக்கும். நான் எப்போதும் ஹீலிங் வேர்ட் கட்சி.

'ஃபயர்பால்' பற்றி வாக்குவாதம் வரும். ஐந்தாம் நிலையில் விஸார்டுக்குக் கிடைக்கும், 20 அடி ஆரத்துக்குள் ஆறு முகப் பகடை எட்டு. எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. இவ்வளவு நாள் பொறுத்தவனுக்கு அது நியாயம். நண்பர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

இந்த ஆட்டத்தின் உலகம் வெகுகாலம் ஐரோப்பியக் கோட்டைகளாகவே இருந்தது. இப்போது அப்படியில்லை. 2021-ல் வந்த ரேவன்லாஃப்ட் கையேட்டில் இந்தியச் சாயலுள்ள கலகேரி என்ற நாட்டை எழுதியவர் அஜித் ஜார்ஜ். ஓசூர்ப் பக்கம் இருக்கும் சாந்தி பவன் பள்ளியோடு தொடர்புடையவர். அவர் முன்னின்று 2022-ல் கொண்டுவந்த தொகுப்பில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டல் வங்கச் சாயலில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். காவிரிக்கரைக் கதை ஒன்று யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாலு பேர், பென்சில், ஏழு பகடை கொண்ட ஒரு கட்டு போதும். கடைசியாக ஓர் எச்சரிக்கை. பட்டியலில் 'ஃபைண்ட் ட்ராப்ஸ்' என்று ஒரு மந்திரம் கண்ணில் படும். கண்ணி இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.