திரைக்குள் ஒரு நாவல் – 9: எத்தனை புள்ளியில் ஒரு முகம்?

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது 'வராண்டா' என்ற பெயரில் ஒரு படம் அகப்பட்டது. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு விஷுவல் நாவல் – படமும் எழுத்துமாகத் திரையில் வாசிக்கும் கேம் – செய்யப் புறப்பட்டு, மூன்று அத்தியாயத்தோடு கைவிட்டிருந்தேன். அந்தக் கதைக்காக வரைந்த பள்ளிக்கூட வராண்டா அது. வரிசையாகத் தூண்கள், மேலே ஓட்டுச் சாய்ப்பு, கீழே ஒரு மூலையில் தண்ணீர்ப் பானை. நாலு நாள் உட்கார்ந்து வரைந்தேன். அளவு 800×600 பிக்சல்.

இப்போதைய லேப்டாப்பில் முழுத்திரைக்குத் திறந்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. பட்டை தெரியாமல் அகலத்தை நிரப்பினால் உயரத்தில் கத்தரி விழுந்தது. மேலே வெட்டினால் ஓடு போயிற்று. கீழே வெட்டினால் பானை போயிற்று. 800 அகலத்துக்கு இன்றைய 16:9 திரையில் உயரம் 450தான். 600இல் 150 போனால் கால்வாசிப் படம் காலி.

போன வாரம் கதையின் கிளைகளைத் தாளில் பிரித்து முடித்தோம். இனி ஓவியர் பென்சிலை எடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அதற்கு முன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டதால்தான் என் வராண்டா வீணாயிற்று. படம் எத்தனை பிக்சலில் இருக்க வேண்டும்?

எழுத்து வகுத்த திரை

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னது படம் அல்ல, எழுத்து. 1982இல் ஜப்பானில் என்.இ.சி. நிறுவனம் பி.சி.-9801 என்ற கணினியைக் கொண்டுவந்தது. விஷுவல் நாவல் என்கிற வடிவம் தவழ்ந்து வளர்ந்த திண்ணைகளில் முக்கியமானது அந்த வரிசைக் கணினிகள்தான். அதன் திரை 640×400. ஜப்பானிய மொழியின் காஞ்சி எழுத்து ஒன்றைப் படிக்கிற மாதிரி காட்ட 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் வேண்டும். 640ஐ 16ஆல் வகுத்தால் வரிக்கு 40 எழுத்து. 400ஐ வகுத்தால் 25 வரி. அதே காலத்து அமெரிக்கக் கணினிகளில் பரவலாக இருந்த 200 வரித் திரையில் இந்த எழுத்து பன்னிரண்டு வரிகூட நெருக்கியடித்துத்தான் நிற்கும்.

எழுத்துக்காகப் போட்ட திரையில் ஓவியர்கள் குடியேறினார்கள். பின்னால் வந்த மாடல்களில் 4096 நிறங்களிலிருந்து ஒரு நேரத்தில் 16ஐ எடுத்துக்கொள்ளலாம். பதினாறு நிறத்தில் ஒரு பெண்ணின் கன்னத்துக்கு எத்தனை சாயல் கிடைக்கும்? இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, கண்ணுக்கு மூன்றாவது நிறம் போலத் தோன்ற வைத்தார்கள். நம் கோலத்தில் புள்ளி வைப்பதைப் போன்ற பொறுமை. ஒரு முழுத்திரைப் படம், சுருக்காமல் வைத்தால், 1,28,000 பைட். அன்றைய ஃபிளாப்பியின் கொள்ளளவு ஏறத்தாழ 1.2 எம்.பி. பத்துப் படம்கூடத் தாங்காது. கதை, இசை எல்லாம் அதற்கு மேல்.

விண்டோஸ் வந்தபின் 640×480 வழக்கமாயிற்று. 2000இல் வந்த 'ட்சுகிஹிமே', 2002இல் தொடங்கிய 'ஹிகுராஷி' எல்லாம் அந்த அளவுதான். 2004இன் 'ஃபேட்/ஸ்டே நைட்' 800×600க்கு ஏறியது. 2012இல் ஆர்வலர்கள் கூடிச் செய்து இலவசமாக வெளியிட்ட 'கடாவா ஷோஜோ'வும் 800×600. 2017இல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' 1280×720. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து மேஜைமேல் இருந்த திரையைப் பார்த்து எடுத்த முடிவு. எதுவும் நிலைத்த முடிவு அல்ல.

ஜமக்காளக் கணக்கு

இன்று நம் முன்னால் மூன்று எண்கள் இருக்கின்றன: 1280×720, 1920×1080, 3840×2160. 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே, 4கே-யே வைத்துக்கொள்வோம்' என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருதரம் சொல்வார்கள். முதல் எண்ணில் சுமார் ஒன்பதே கால் லட்சம் பிக்சல். இரண்டாவதில் அதைப் போல இரண்டே கால் மடங்கு. மூன்றாவதில் ஒன்பது மடங்கு.

'படத்தைச் சுருக்கி வைக்கலாமே, ஃபைல் சின்னதாகத்தானே இருக்கும்?' இருக்கும். மடித்துப் பரணில் வைத்த ஜமக்காளம் ஒரு முழ இடம்தான் பிடிக்கும். விருந்தாளி வந்து விரித்தால் கூடம் முழுக்க வேண்டும். திரையில் காட்ட வேண்டுமானால் எந்தப் படத்தையும் விரித்தாக வேண்டும். பிக்சலுக்கு நாலு பைட் வீதம் நினைவகத்தில் இடம் போகும். 720இல் ஒரு முழுத்திரைப் படத்துக்கு மூன்றரை எம்.பி. 1080இல் சுமார் எட்டு. 4கே-யில் முப்பத்திரண்டு.

விஷுவல் நாவல் செய்பவர்களில் பலர் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ரென்பை, அடுத்து வரப்போகும் படங்களை முன்கூட்டியே விரித்து வைத்துக்கொள்ளும். நாம் மாற்றாவிட்டால் அதற்கு ஒதுக்கும் இடம் 300 எம்.பி. அதில் 720 அளவுப் படம் எண்பதுக்கு மேல் கொள்ளும். 1080 அளவு முப்பத்தேழு. 4கே என்றால் ஒன்பதோடு சரி. பத்தாவது படத்துக்கு ஒன்றைச் சுருட்டினால்தான் உண்டு. வாசகர் தட்டியதும் முகபாவம் மாற வேண்டிய இடத்தில் ஒரு நொடி திக்கினால், கதாபாத்திரத்தின் கோபமே ஆறிப்போகும்.

இன்னொரு செலவும் உண்டு. 720இல் தூரத்துச் சுவர் என்றால் ஒரு சாயம் பூசினால் முடிந்தது. அதே சுவர் 4கே-யில் வெறிச்சென்று நிற்கும். விரிசல், காரை, பல்லி எல்லாம் கேட்கும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் கேமில் அந்தப் பல்லிக்கு யார் நேரம் கொடுப்பது?

வரைவது ஓர் அளவு, கொடுப்பது ஓர் அளவு

பத்திரிகை ஓவியர்களுக்கு இது புதிதல்ல. அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். சுருங்கும்போது கோடு இறுகி அழகு கூடும். ஜப்பானிய மாங்கா ஓவியர்கள் பி5 அளவு இதழுக்கு பி4 தாளில் வரைவார்கள். கேமுக்கும் அதே வழிதான். 1080இல் வெளியிடப் போகிறீர்கள் என்றால் அதன் இரட்டிப்பில் வரையுங்கள். லேயர் கலையாத அசல் ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். அதிலிருந்து சுருக்கி எடுத்ததைக் கேமில் சேருங்கள்.

சுருக்குவதிலும் ஒரு கண் வேண்டும். 4கே-யில் மூன்று புள்ளித் தடிமனில் போட்ட கண்ணிமைக் கோடு, 720க்கு வரும்போது ஒற்றைப் புள்ளியாகிவிடும். ஒரு புள்ளிக் கோட்டைப் போட்டிருந்தால் அது புகையாய்க் கரைந்தே போகும். அதனால் வரையும்போதே அவ்வப்போது சுருக்கிப் பார்ப்பது நல்லது.

ஆனால் பிக்சல் ஓவியம் என்றால் இந்தப் புத்தி செல்லாது. வெனிசுலாவைச் சேர்ந்த குழு 2016இல் வெளியிட்ட 'வால்ஹல்லா', அந்தப் பழைய பி.சி.-98 அழகை நினைத்து ஏங்கிச் செய்த கேம். அப்படிப்பட்ட படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எண்ணி வைத்தது. ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் சில புள்ளி தடித்து, சில புள்ளி மெலிந்து கோணலாகும். முழு எண் மடங்குதான் சரி. 640×360இல் வரைந்தால் இரண்டு மடங்கில் 720, மூன்று மடங்கில் 1080, ஆறு மடங்கில் 4கே. மூன்று திரைக்கும் பங்கமில்லாமல் பொருந்துகிற எண் அது.

பின்னால் மாற்றிக்கொள்ளலாமா?

ரென்பையில் புதிய கேம் தொடங்கியதுமே அது கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. பட்டியலைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. அவசரத்தில் எதையோ தட்டிவிட்டுப் போகிறோம். அதன்பின் நாயகியைத் திரை நடுவில் நிறுத்த '640' என்று எழுதுகிறோம். 1280 அகலத்தில் அது நடு. ஆறு மாதம் கழித்து கேமை 1920க்கு மாற்றினால், 640 என்பது மூன்றில் ஒரு பங்கு. நாயகி சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். இப்படி ஆயிரம் இடத்தில் எழுதியிருந்தால் ஆயிரம் இடத்திலும் திருத்த வேண்டும். 640க்குப் பதில் '0.5' என்று எழுதியிருந்தால் எந்த அளவிலும் நடு நடுதான். முதல் நாள் தெரிந்திருந்தால் மிச்சமாகும் வேலை இது.

எழுத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். படத்தைப் போல எழுத்தைப் பெரிதாக்கி இழுக்காமல், வாசகரின் திரையில் இருக்கும் அளவுக்கே ரென்பை புதிதாய் வார்த்துக் கொடுக்கும். 720 கேமை 1080 திரையில் ஓட்டினால் படம் லேசாக மெத்தென்று தெரியும், எழுத்து கூர்மையாகவே நிற்கும். ஒரு காலத்தில் எழுத்துக்காகத் திரை வகுத்தார்கள். இன்று எழுத்து எந்தத் திரைக்கும் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பழைய அளவிலேயே சிக்கிக்கொள்வது படம்தான்.

சரி, எந்த எண்? கணினியில் வாசிப்பவர்களை நினைத்துச் செய்தால் 1920×1080. இன்றும் மேஜைகளில் அதிகம் இருப்பது அந்தத் திரைதான். ஒருவரோ இருவரோ செய்யும் முதல் முயற்சி, விலை குறைந்த போனிலும் ஓட வேண்டும் என்றால் 1280×720இல் வெட்கப்பட ஒன்றுமில்லை. நின்டெண்டோ ஸ்விட்சின் கைத்திரையே அந்த அளவுதான். 4கே-யை அசல் ஃபைலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதுவும் நிரந்தரமல்ல. 1080 கேமை, 2400×1080 திரை கொண்ட போனைப் படுக்கவைத்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் 1920 போக இரண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு. என் வராண்டாவை 1080 திரையில் திறந்தபோதும் பக்கத்துக்கு 240 பிக்சல்தான் கறுப்பு. திரைகள் அகலமாகிக்கொண்டே போக, பட்டை மட்டும் இடம் மாறி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வராண்டாவை மீட்க முடியவில்லை. லேயரெல்லாம் ஒன்றாக்கிய ஜேபெக் ஒன்றுதான் மிச்சம்; தூணைத் தனியே நகர்த்தக்கூட வழியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஆரம்பித்தேன், 3840×2160இல். ஓட்டுக்கு மேலே கொஞ்சம் வானம், பானைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு தூண் சேர்த்து வரைந்திருக்கிறேன். இப்போதைக்கு அவை கேமில் வராது.

(அடுத்த வாரம்: உரைப்பெட்டி மறைக்கும் கால்கள்)