பித்தப்பை போன பிறகும் விடாத காய்ச்சல்

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடனுக்கு 1953 ஏப்ரல் 12 அன்று லண்டனில் பித்தப்பையை அகற்றினார்கள். பை போனது, தொல்லை போகவில்லை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் நாளம் அறுவையின்போது காயப்பட்டிருந்தது. அதே மாதம் இன்னோர் அறுவை. அதிலும் சரியாகாமல் ஜூனில் பாஸ்டனுக்குப் போனார். அங்கே ரிச்சர்ட் கேட்டல் என்ற சர்ஜன் நாளத்தின் மிச்சத்தை நேராகக் குடலோடு இணைத்துத் தைத்தார். பிரதமர் சர்ச்சில் பக்கவாதத்தில் விழுந்ததும் அந்த ஜூனில்தான். அவருக்கு அடுத்து வரவேண்டியவரோ கடல் கடந்து படுக்கையில் கிடந்தார்.

1955-ல் ஈடன் பிரதமரானார். காய்ச்சல் மட்டும் விட்டபாடில்லை. நாளம் தழும்பேறிச் சுருங்கினால் பித்தநீர் தேங்கும். தேங்கியதில் கிருமி பெருகும். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். 1956 அக்டோபரில், சூயஸ் நெருக்கடி முற்றிய வேளையில், அவருக்குக் காய்ச்சல் 106 டிகிரிக்கு ஏறியது. 1957 ஜனவரியில் உடல்நிலையைச் சொல்லிப் பதவி விலகினார். சில மாதங்களில் மறுபடியும் பாஸ்டன், மறுபடியும் அறுவை.

இன்று லேப்ராஸ்கோப்பில் பையை எடுத்துவிட்டு ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாளம் காயப்படுவது ஆயிரம் பேரில் ஒரு சிலருக்குத்தான். பெரும்பாலும் நடப்பது இது: பித்தப்பையின் சிறு நாளம் என்று நினைத்து, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொது நாளத்துக்கே கிளிப் போட்டு வெட்டிவிடுவது. வீங்கி ஒட்டிக்கிடக்கும் இடத்தில் எது எதுவென்று பிரித்துப் பார்ப்பது கடினம். பைக்குள் நுழைபவை இரண்டே குழாய்கள் என்று கண்ணால் உறுதிசெய்த பிறகே வெட்ட வேண்டும் என்ற முறையை 1995-ல் சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்துச் சொன்னார். அது தெளிவாகத் தெரியாதபோது பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவரைத்தான் நான் நல்ல சர்ஜன் என்பேன்.

நாளத்தில் கல் தங்கியிருந்தாலும், கிளிப் நழுவிப் பித்தநீர் கசிந்தாலும் பெரும்பாலும் எண்டோஸ்கோப் வழியே கல்லை எடுத்தோ ஸ்டென்ட் வைத்தோ சரிசெய்துவிடலாம். நாளமே வெட்டுப்பட்டிருந்தால், இந்த வேலையில் கை பழகியவர்தான் அதைத் தொட வேண்டும்.

எனக்குக் கவலையெல்லாம் வீட்டில் வீணாகும் நாட்களைப் பற்றித்தான். பையை எடுத்து வீடு திரும்பிய பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், உடம்பெல்லாம் அரிப்பு. “வாயுவா இருக்கும்” என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லி அரைக்கிறார்கள். அடைபட்ட நாளத்தைக் கீழாநெல்லி திறக்காது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் பிலிருபின், வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் நாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. எல்லாம் பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள்.