கடையில் இருக்கும் செயலியும் காட்டிய நிரலும் ஒன்றுதானா?

2015 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் ஆப் ஸ்டோரிலிருந்து பல செயலிகளை அவசர அவசரமாக நீக்கியது. அவை அப்போது பரவிய ஒரு நச்சு நிரலைச் சுமந்திருந்தன. சீனாவின் வாடகைக் கார் செயலியான தீதியும், அந்நாட்டில் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் வீசாட்டின் 6.2.5 பதிப்பும் அதில் சிக்கியிருந்தன.

இந்தச் செயலிகளை எழுதியவர்கள் தவறான வரி ஒன்றைக்கூட எழுதவில்லை. அவர்களுடைய மூலநிரலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. நச்சு இருந்தது வேறோர் இடத்தில். ஐபோன் செயலிகளைத் தயாரிக்க உதவும் எக்ஸ்கோடு மென்பொருள் பல ஜிபி அளவு கொண்டது. ஆப்பிளின் சர்வரிலிருந்து அதைச் சீனாவில் இறக்க வெகுநேரம் பிடித்தது. அதனால் டெவலப்பர்கள் பலர், பைடு நிறுவனத்தின் கோப்புப் பகிர்வுச் சேவையில் யாரோ ஏற்றிவைத்திருந்த பிரதியை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதி திருத்தப்பட்டிருந்தது. அதைக் கொண்டு எந்தச் செயலியைத் தயாரித்தாலும், தயாரித்தவருக்கே தெரியாமல் கூடுதல் நிரல் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டது. பிறகு அது கருவியின் பெயர், நாடு, மொழி போன்ற விவரங்களை வெளியே அனுப்பியது. ‘எக்ஸ்கோடு கோஸ்ட்’ என்று இதற்குப் பெயர் வந்தது. எபிக் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கின்போது 2021-இல் வெளியான மின்னஞ்சல்கள், 2,500-க்கும் மேற்பட்ட செயலிகள் வழியாக 12.8 கோடிப் பேர் இதில் மாட்டியிருந்ததைக் காட்டின.

மனிதர் வாசிக்கக்கூடிய மூலநிரலைக் கைப்பேசி ஓட்டக்கூடிய செயலியாக மாற்றும் வேலைக்கு ‘பில்ட்’ என்று பெயர். மூலநிரலைப் பொதுவில் வைத்தால் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஆனால் கடையிலிருந்து நம் கைப்பேசிக்கு வந்தது அதே நிரலிலிருந்து பிறந்ததுதான் என்பதற்கு என்ன சாட்சி?

அந்தச் சாட்சியைத் தருவதுதான் ‘ரீப்ரொட்யூசிபிள் பில்ட்’. ஒரே மூலநிரல், ஒரே கருவிகள், ஒரே கட்டளைகள்; எந்த ஊரில், யாருடைய கணினியில் செய்தாலும் கிடைக்கும் கோப்பு ஒரு பைட்கூட மாறக் கூடாது. கடையில் வாங்கிய அரிசியை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்பதைப் போல, தயாரித்தவர் சொல்லை மட்டும் நம்பாமல் நாமே சோதித்துக்கொள்ளலாம்.

டெபியன் லினக்ஸ் குழுவினர் 2013-இல் இந்த வேலையை முறையாகத் தொடங்கினார்கள். கைப்பேசி உலகில் முக்கியமான அடியை எடுத்துவைத்தது செய்திப் பரிமாற்றச் செயலியான சிக்னல். 2016 மார்ச்சில் அதன் ஆண்ட்ராய்டு செயலியை எவரும் மறுபடி தயாரித்து ஒப்பிடலாம் என்று அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. ஒப்பிடும் முறை இதுதான்: மென்பொருள் சூழலை ஒரு பெட்டிபோல அடைத்து எங்கும் எழுப்ப உதவும் கருவி டாக்கர்; சிக்னல் தரும் டாக்கர் செய்முறையைக் கொண்டு பில்ட் சூழலை நம் கணினியில் எழுப்ப வேண்டும். அதற்குள் மூலநிரலிலிருந்து செயலியைத் தயாரிக்க வேண்டும். பிறகு கைப்பேசியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் செயலியை யூஎஸ்பி கேபிள் வழியே வெளியே எடுத்து, ஒரு சிறிய பைத்தான் நிரலால் இரண்டையும் கோப்பு கோப்பாக ஒப்பிட வேண்டும். டிஜிட்டல் கையொப்பப் பகுதியை மட்டும் அந்த நிரல் கணக்கில் கொள்வதில்லை. கையொப்பமிடும் சாவி சிக்னலிடம் மட்டுமே இருப்பதால் அந்தப் பகுதி பொருந்த வாய்ப்பில்லை. மற்றவை எல்லாம் பொருந்த வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே மூலநிரலைச் சாதாரணமாக இரண்டு லேப்டாப்களில் பில்ட் செய்தால் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கோப்புகளே கிடைக்கும். ஏன்?

முதல் காரணம் கடிகாரம். ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் தேதியும் நேரமும் உண்டு. அவை உள்ளபடியே பதிந்தால், காலையில் செய்த பில்டும் மாலையில் செய்த பில்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. அதனால்தான் இன்றைய ஆண்ட்ராய்டு பில்ட் கருவிகள் உண்மை நேரத்தை விட்டுவிட்டு, எல்லாக் கோப்புகளுக்கும் 1981 ஜனவரி 1 என்ற தேதியையே இடுகின்றன. இருந்தும், ‘இந்தப் பதிப்பு இன்ன நேரத்தில் தயாரானது’ என்று காட்டும் வரியை டெவலப்பரே தன் நிரலில் எழுதிவிட்டால் மீண்டும் பழைய கதைதான்.

அடுத்தது முகவரி. சி, சி++ மொழிகளில் எழுதிய பகுதிகளைக் கம்பைல் செய்யும்போது, அந்தக் கோப்புகள் கணினியில் எந்த ஃபோல்டரில் இருந்தன என்ற விவரமும் சில சமயம் உள்ளே பதிந்துவிடும். டெவலப்பரின் பயனர் பெயர்கூட இப்படிச் செயலிக்குள் போய்விடுவதுண்டு. மொழி அமைப்பும் விளையாடும். ஜாவாவில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’-யைச் சிறிய எழுத்தாக்கச் சொன்னால், துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் புள்ளியில்லாத வேறோர் எழுத்து வரும். கோப்புகளை எந்த வரிசையில் வாசித்தது, எத்தனை பிராசஸர் கோர்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தன என்பதும் முடிவை மாற்றலாம்.

ஆகவே பில்ட் சூழலும் மூலநிரலின் ஒரு பகுதியாக எழுதிவைக்கப்பட வேண்டும். ஆண்ட்ராய்டில் இது கிரேடில் என்ற பில்ட் கருவியிலிருந்து தொடங்குகிறது. ‘கிரேடில் ராப்பர்’ என்ற சிறு கோப்பு, எந்தப் பதிப்பு வேண்டும் என்பதோடு அந்தப் பதிப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பையும் தாங்க முடியும். இறங்கிய கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பில்ட் அங்கேயே நின்றுவிடும். ஜாவா பதிப்பு, எஸ்டிகே, என்டிகே கருவித்தொகுப்புகள் ஆகியவற்றுக்கும் எண் குறித்துவைக்க வேண்டும். லைப்ரரிகளைக் கேட்கும்போது ‘2.+’ என்று எழுதினால் இன்று ஒரு பதிப்பும் அடுத்த மாதம் இன்னொன்றும் வரும்; துல்லியமான எண்ணைத்தான் எழுத வேண்டும். 2020-இல் வந்த கிரேடில் 6.2 முதல், ஒவ்வொரு லைப்ரரியின் எஸ்எச்ஏ மதிப்பையும் பட்டியலிட்டுச் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது.

டாக்கரைப் பயன்படுத்தினாலே எல்லாம் உறைந்து நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டாக்கர் இமேஜுக்கு வைத்திருக்கும் பெயர்ச்சீட்டை அதன் உரிமையாளர் நாளை வேறோர் இமேஜுக்கு மாற்றி ஒட்டலாம். ஆனால் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ‘டைஜெஸ்ட்’ மதிப்பு மாறாது. அதைக் குறிப்பிடுவதே சரி. டாக்கர் செய்முறைக்குள் ‘புதிய மென்பொருள்களை இறக்கு’ என்ற கட்டளை இருந்தாலும் சூழல் நாளுக்கு நாள் மாறும். இங்கே உதவும் வகையில் டெபியன் தன் பழைய தொகுப்புகளைத் தேதிவாரியாகச் சேமித்துவைத்திருக்கிறது.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கடை, மூலநிரலிலிருந்து செயலிகளைத் தானே பில்ட் செய்கிறது. அதன் பில்டும் டெவலப்பரின் பில்டும் அச்சு அசலாகப் பொருந்தினால், டெவலப்பரின் கையொப்பம் கொண்ட கோப்பையே அது வெளியிடும். இரண்டு இடங்களில் தனித்தனியாகச் சோதிக்கப்பட்ட செயலி அப்படிப் பயனருக்குக் கிடைக்கிறது. ஐபோனில் நிலைமை கடினம். ஆப் ஸ்டோர் செயலிகளை ஆப்பிள் மறையாக்கம் செய்துவிடுவதால் ஒப்பிட எடுப்பதே சிரமம். டெலிகிராம் தந்த வழிமுறைக்கு, பாதுகாப்புப் பூட்டை உடைத்த ஐபோன் தேவைப்பட்டது.

ரீப்ரொட்யூசிபிள் பில்ட் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. மூலநிரலே கெட்டிருந்தால் இரண்டு பில்டுகளும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். இருவருமே ஒரே நச்சுக் கம்பைலரைப் பயன்படுத்தினாலும் அப்படித்தான். கம்பைலருக்குள் இவ்வாறு நச்சை ஒளிக்க முடியும் என்பதை யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையிலேயே விளக்கிவிட்டார். ஆனால் எக்ஸ்கோடு கோஸ்ட் போலத் தயாரிப்பவரின் கணினியில் புகுந்த நச்சு, சுத்தமான இன்னொரு கணினியின் பில்டோடு ஒப்பிட்ட அந்தக் கணமே வெளிப்பட்டுவிடும்.

நம் நாட்டில் கொரோனா காலத்தில் அரசு வெளியிட்ட ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல் 2020 மே மாதம் பொதுவில் வைக்கப்பட்டது. நல்ல தொடக்கம் அது. பணம், மருத்துவம், அடையாள அட்டை என்று குடிமக்களின் விவரங்களைக் கையாளும் அரசுச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: மூலநிரலோடு, அதே செயலியை வெளியார் மறுபடி தயாரித்துப் பார்க்கும் செய்முறையையும் வெளியிட வேண்டும். சிறிய குழுக்களும் கல்லூரி மாணவர்களும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் செயலியை இரண்டு கணினிகளில் பில்ட் செய்து, கிடைத்த கோப்புகளை ‘டிஃபோஸ்கோப்’ என்ற இலவசக் கருவியில் போட்டுப் பாருங்கள். எந்தக் கோப்பில் எந்த இடத்தில் வேறுபாடு என்பதை அது காட்டிவிடும். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம்.