சட்டக் கலாசாலைகளும் ஏழை ஜனங்களும்

ஆஸ்பத்திரி இல்லாத வைத்தியக் கலாசாலையை நம் நாட்டில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்காதவன் எத்தனை புத்தகங்களை உருப்போட்டிருந்தாலும் வைத்தியனாக மாட்டான் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஏழைக் கட்சிக்காரன் ஒருவனுடைய வழக்கைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒரு தரமேனும் பின்தொடராமலே ஒருவன் சட்டப் பட்டம் பெற்று, கறுப்பு அங்கி தரித்து, நியாயஸ்தலத்தில் பிரவேசித்துவிடலாம். இந்தக் குறையால் நஷ்டமடைவோர் மாணாக்கர்கள் மட்டுமல்லர். அவர்களால் உதவி பெற்றிருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களுமே நஷ்டமடைகிறார்கள்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொருளின்மை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்ற 39-ஏ ஷரத்து 1976-ம் வருஷத்துத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1987-ல் இயற்றப்பட்ட சட்டப் பணி அதிகாரக் குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. சர்வகலாசாலைகளிலும் சட்டக் கலாசாலைகளிலும் சட்ட உதவி நிலையங்களை வளர்ப்பது தேசியக் குழுவின் கடமைகளில் ஒன்று என்று அச்சட்டமே கூறுகிறது. ஒவ்வொரு கலாசாலையும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், கடைசி வருஷ மாணாக்கரைக் கொண்டு அத்தகைய நிலையத்தை நடத்த வேண்டுமென்று பார் கவுன்சிலின் 2008-ம் வருஷத்து விதிகள் கட்டளையிடுகின்றன. எழுத்தில் குறையில்லை, குறையெல்லாம் செய்கையில்தான் இருக்கிறது.

பல இடங்களில் நடப்பதென்ன? வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்துக் கிராமத்தில் முகாம் கூட்டுகிறார்கள். மேடையும் மாலையும் பிரசங்கமும் உண்டு. பட்டா மாறவில்லை, கூலி வரவில்லை, பென்ஷன் நின்றுபோயிற்று என்று சொல்ல வந்த குடியானவன் ஷரத்துக்களின் இலக்கங்களைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறான். மறுநாள் அவன் மனுவை எழுதித் தருவார் யாருமில்லை. முகாம்களை நாம் இகழவில்லை. இலவசச் சட்ட உதவி பெறுவதற்குப் பெண்களும் குழந்தைகளும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும், காவலில் இருப்போரும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டியதே இல்லை என்பது நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்வதும் தொண்டுதான். ஆனால் உரிமை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைப் பெறும் வழியில் துணை நில்லாமல் போவது பசித்தவனுக்கு அன்னசத்திரம் இருக்கும் திசையைக் காட்டிவிட்டு அகல்வதையொக்கும்.

முயன்றால் என்ன செய்யலாம் என்பதற்கு அத்தாட்சிகள் இருக்கின்றன. 1981-ல் டில்லி சர்வகலாசாலையின் சட்ட ஆசிரியர்களான உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் ஆகிய இருவரும் ஆக்ரா பாதுகாப்பு இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்களின் அவல நிலையைக் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கோர்ட்டு அக்கடிதத்தையே மனுவாக ஏற்று, அவ்வில்லத்தின் நிலைமையைப் பல வருஷங்கள் கண்காணித்தது. பின்னர், டில்லி தேசிய சட்ட சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் மாணாக்கர்களுடன் சிறைச்சாலை தோறும் சென்று, மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த 385 கைதிகளில் 373 பேரின் வரலாற்றைத் திரட்டி 2016-ல் வெளியிட்டனர். அவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு மேற்பட்டோர் பொருள் வசதியற்ற எளியோர் என்று அது காட்டியது.

அம்முயற்சி அறிக்கையோடு நின்றுவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் 1994-ல் கொலைக் குற்றத்துக்காகக் கைதாகி மரண தண்டனை பெற்ற ஒருவருக்காக அதைச் சேர்ந்த வக்கீல்கள் வாதாடினர். ராஜஸ்தானத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு சாட்சியமாயிற்று. குற்றம் நடந்த காலத்தில் அவருடைய வயது 12 வருஷம் 6 மாதமே என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்து, அவரை விடுவிக்கக் கட்டளையிட்டது. அதற்குள் 28 வருஷங்கள் சிறையில் கழிந்துவிட்டன. இந்த ஒரு பதிவேட்டை ஆரம்பத்திலேயே யாரேனும் தேடியிருந்தால்! தேடுவதற்கு மகா பாண்டித்தியம் வேண்டியதில்லை. கால்நடையும் பொறுமையும் போதும். அவை இளைஞர்களிடம் ஏராளமாக உள்ளவை.

இத்தகைய வேலை எங்கும் காத்துக் கிடக்கிறது. 2022-ம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவர் குற்றவாளியென்று தீர்ப்புப் பெறாதவர். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்ற விசாரணைச் சட்டத்தின் 479-வது பிரிவின்படி, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்தவரும், முன்பு எக்குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராயின் மூன்றிலொரு பங்கைக் கழித்தவரும் விடுதலைக்கு உரியவர்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. யார் யாருக்குப் பொருந்தும் என்று கணக்கெடுக்க, கைதியின் பெயரும் குற்றப் பிரிவும் கைதான தேதியும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு கலாசாலையும் அருகிலுள்ள சிறைச்சாலையின் கணக்கை மாதந்தோறும் பார்த்துச் சிறை அதிகாரிக்கும் ஜில்லா சட்டப் பணிக் குழுவுக்கும் தெரிவிக்கலாகாதா?

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி, பதிவு பெற்றவரே கோர்ட்டில் தொழில் நடத்தலாம், மாணாக்கன் நடத்தலாகாது. முழுநேரச் சம்பளம் பெறும் ஆசிரியரோ தொழில் நடத்தத் தடை செய்யப்பட்டவர். ஆகவே கற்பவனுக்கும் வாயில்லை, கற்பிப்பவருக்கும் வாயில்லை. அமெரிக்காவில் வக்கீல்கள் சங்கம் 1969-லேயே மாதிரி விதி ஒன்றை வகுத்து, மேற்பார்வையின் கீழ் மாணாக்கர் ஏழைகளுக்காக வாதாட வழிகாட்டியது. நம் சட்டத்தின் 32-வது பிரிவும், குறிப்பிட்ட வழக்கில் பதிவு பெறாதவரை அனுமதிக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்கு அளித்தே இருக்கிறது.

ஏழைகளை வைத்துப் பழகிப் பார்ப்பதா என்று சிலர் ஆட்சேபிப்பர். நியாயமான கேள்வியே. பட்டம் பெற்ற மறுநாளே ஒரு ஏழையின் ஜாமீன் மனுவைக் கையிலெடுக்கும் புதிய வக்கீல் யாருடைய மேற்பார்வையில் பழகுகிறார்? ஆசிரியரின் கண்பார்வையில் பழகுவதே ஏழைக்குப் பத்திரம். பரீட்சைக் காலத்திலும் விடுமுறையிலும் வழக்கு அநாதையாகாதபடி ஜில்லாக் குழுவின் வக்கீல் ஒருவர் ஒவ்வொரு கட்டிலும் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. சட்ட உதவி நிலையத்தை நடத்தும் ஆசிரியர்கள் அந்நிலையத்தின் வழக்குகளில் மட்டும் ஆஜராகப் பார் கவுன்சில் விதிவிலக்கு அளிக்க வேண்டும். கடைசி வருஷ மாணாக்கர் அவர்களுடைய மேற்பார்வையில் சிறு வழக்குகளில் பேச ஹைகோர்ட்டுகள் விதி வகுக்க வேண்டும். முகாம்களின் எண்ணிக்கையைக் கேட்பதை விட்டு, எத்தனை மனுக்கள் முடிவு கண்டன என்று கலாசாலைகளைக் கேட்க வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் கலாசாலையின் வாசலில் ஏழை ஒருவன் தயங்காமல் வந்து நின்று தன் குறையைச் சொல்லும் நாளே அக்கலாசாலை தன் கடனைத் தீர்த்த நாளாகும்.