ஆலை நின்றால் ஊர் என்ன ஆகும்?

ஒரு லாரியை ஓட்டுபவர் ஒருவர்தான். ஆனால் அதைச் செய்து பிழைப்பவர்கள் எத்தனை பேர்!

ஓசூரைப் பாருங்கள். 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். தர்மபுரிப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போவது இங்கேதான்.

5 நாள் ஓய்வு

2019-ம் ஆண்டு நாடு முழுவதும் வண்டி விற்பனை சரிந்தது. "செப்டம்பரில் ஓசூர் ஆலைகளில் 5 நாள் வேலை இல்லை" என்று அசோக் லேலண்ட் லாரிக் கம்பெனி அறிவித்தது. எண்ணூரில் 16 நாள்!

ஐந்து நாள்தானே என்று எண்ணாதீர்கள். லாரிக்கு வேண்டிய போல்ட்டு முதல் பிரேக் பாகம் வரை பல சாமான்களைச் செய்து தருபவை வெளிப் பட்டறைகள். பெரிய ஆலை நின்றால் அவற்றுக்கு ஆர்டர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி ஊருக்குத் திரும்புகிறார். அவர் இருந்த வாடகை வீடு காலி. மெஸ்ஸில் சோறு மீதி. மளிகைக் கடையில் பாக்கி!

பாதிச் சம்பளம் யாருக்கு?

ஓராண்டு வேலை செய்த தொழிலாளியை "லே-ஆப்" செய்தால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும். இது சட்டம். ஆனால் பதிலிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இது கிடையாது. 50 பேருக்குக் குறைந்த பட்டறைக்கும் இந்த விதி இல்லை.

பெரிய ஆலைக்கு ஜலதோஷம் பிடித்தால், சின்னப் பட்டறைக்குக் காய்ச்சல்!

ஆகவே, வேலைக்குப் புறப்படும் தம்பிகளே! நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கஷ்ட காலத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.