டீசலும் விதைநெல் மாதிரிதான்

2018 நவம்பர் 16. கஜா புயல் கரை கடந்த அந்த விடியற்காலையில் எங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. மின்கம்பங்களும் கூடவே சாய்ந்தன. எனக்கு மட்டும் ஒரு தெம்பு. கொட்டகையில் டீசல் ஜெனரேட்டர் இருக்கு, பக்கத்திலேயே கேனில் டீசலும் இருக்கு. மோட்டாரைப் போட்டால் ஆறு மாட்டுக்கும் தண்ணி, தெருவுக்கும் குடிதண்ணி.

ஜெனரேட்டர் ரெண்டு முறை இருமிவிட்டு நின்றுபோச்சு. அப்புறம் என்ன செய்தும் ஓடலை. மூன்று நாள் அடிபம்பில் வரிசையில் நின்று, மாட்டுக்குக் குடம் குடமாகச் சுமந்தோம். மரங்களை வெட்டி வழி திறந்தபிறகுதான் மெக்கானிக் தம்பி வந்தார். பில்டரைக் கழற்றிக் காட்டினார். பழுப்பாக, கொழகொழவென்று பாசி மாதிரி அடைத்திருந்தது.

"டீசல் எப்பண்ணே வாங்குனது?"

யோசித்துப் பார்த்தேன். ரெண்டு வருசத்துக்கு மேலே.

அரைக் கேனாகக் கிடந்த டீசல் அது. பகல் சூடு, ராத்திரிக் குளிர்ச்சி என்று மாறி மாறி, உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் கேன் சுவரில் வியர்த்து இறங்கும். தண்ணி கனமானது, அடியில் தங்கும். தண்ணியும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும். மண்ணில் பெருகினால் நமக்குக் கொண்டாட்டம். டீசலில் பெருகினால் திண்டாட்டம்!

விதைநெல்லை வருசா வருசம் விதைத்துத்தானே புதுப்பிக்கிறோம்? டீசலும் அப்படித்தான். இருப்பு வைத்தால் போதாது, சுழல வேண்டும். இப்போது நான் செய்வது இதுதான்.

எங்கள் ஜெனரேட்டர் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். தினம் ரெண்டு மணி நேரம் ஓட்ட 2.5 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்று எட்டு நாளைக்கு வரும். ரெண்டு கேன் வைத்திருக்கிறேன், அதுக்கு மேல் இல்லை. ரெண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, மூடியை இறுக்கி, வாங்கிய தேதியைக் கேன் மேலேயே எழுதிவிடுவேன். ஆறு மாதம் ஆவதற்குள் அதைப் பவர் டில்லருக்கு ஊற்றிவிட்டுப் புதுசு வாங்குவேன். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு சுற்று கட்டாயம்.

ஜீவாமிர்தம் கலக்கிய கேனில் டீசல் பிடிக்காதீர்கள். கழுவினாலும் ஈரம் தங்கும். கேனை நிழலில், வீடு, அடுப்பு, வைக்கோல் போர், விதை அறை எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி வையுங்கள். தப்பித் தவறிச் சிந்தினால் மணலைப் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள். வாய்க்கால் பக்கம் கழுவி விட வேண்டாம். பெட்ரோல் ஜெனரேட்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெட்ரோல் டீசலைவிடச் சீக்கிரம் கெடும், அதன் ஆவி சின்னப் பொறியிலும் பற்றும்.

மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் மோட்டாரோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன். மழை என்றாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டுவதில்லை. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எண்ணெய் ஊற்றும்போது இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் ஊற்றுவேன்.

உங்கள் கொட்டகையில் இருக்கும் டீசல் எப்போது வாங்கியது? யோசிக்க வேண்டியிருந்தால், நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.